விமானத்துல ரெண்டு பைலட் எதுக்கு? (நீண்ட இழை)

போன வாரம் திருவட்டாறு பக்கத்துல இருந்து ஒரு தம்பி வந்திருந்தாரு. துபாயில எலக்ட்ரீஷியன். லீவு முடிஞ்சு கிளம்புறதுக்கு முன்னாடி பி.பி. பார்த்துட்டுப் போகலாம்னு வந்தவரு. கையில பட்டையைச் சுத்திக்கிட்டு இருக்கும்போது கேட்டாரு: "டாக்டர், பிளேன்ல ரெண்டு பைலட்டு எதுக்கு? ஒருத்தர் தூங்குனா இன்னொருத்தர் ஓட்டவா?"

அவரு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. எனக்குத்தான் சிரிப்பு வரல.

பதில் சொல்ல 90 வருஷம் பின்னாடி போகணும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா வாங்க.

1932 அக்டோபர் 15. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில இருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோட ஒரு சின்ன பஸ் மாத் விமானத்தை ஓட்டிக்கிட்டு வர்றாரு. பம்பாயில இருந்து அவரோட கூட்டாளி நெவில் வின்சென்ட் அந்தத் தபாலை பெல்லாரி வழியா சென்னைக்குக் கொண்டு வர்றாரு. ஒரு இன்ஜின், ஒரு ஆள். வரைபடம் பார்க்கிறது, ஆயில் அழுத்தம் பார்க்கிறது, மேகம் பார்க்கிறது, ஓட்டுறது எல்லாமே அந்த ஒரே மனுஷன். அவர் ஒண்ணை மறந்துட்டா ஞாபகப்படுத்த பக்கத்துல ஆள் கிடையாது.

மூணு வருஷம் கழிச்சு அதே டாடா கம்பெனி விமானம் திருவனந்தபுரத்துக்கு வருது. அப்போ திருவட்டாறு இருந்தது திருவிதாங்கூர் சமஸ்தானத்துல. திருவனந்தபுரம்தான் நமக்குத் தலைநகரம். சமஸ்தானத்துக்குத் தனித் தபால் உண்டு, 'அஞ்சல்'னு பேரு. 1935 நவம்பர் 1-ஆம் தேதி அந்த அஞ்சல் பைகளை ஏத்திக்கிட்டு விமானம் பம்பாய்க்குக் கிளம்புச்சு. (சரியா 21 வருஷம் கழிச்சு, 1956-ல் இதே நவம்பர் 1-ஆம் தேதிதான் நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்தது. ஆனாலும் இன்னிக்கு வரைக்கும் நம்மாளுங்க வளைகுடாவுக்குப் போறது மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை தாண்டி அதே திருவனந்தபுரம் ஏர்போர்ட் வழியாத்தான். பத்மநாபசாமி ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போக வருஷத்துக்கு ரெண்டு நாள் ரன்வேயையே சில மணி நேரம் மூடிடுவாங்க. உலகத்துல வேற எங்கேயாவது சாமி ரன்வேயில நடந்து போகுமான்னு எனக்குத் தோணும்!)

அந்த அஞ்சல் விமானம் கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, 1935 அக்டோபர் 30, அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல டேட்டன் பக்கம் ஒரு ராணுவ விமானத் தளம். போயிங் கம்பெனி செஞ்ச 'மாடல் 299'ங்கிற நாலு இன்ஜின் குண்டுவீச்சு விமானத்துக்குச் சோதனை ஓட்டம். மேலே ஏறுச்சு, மூக்கைத் தூக்கிக்கிட்டே போச்சு, வேகம் செத்து அப்படியே விழுந்து தீப்பிடிச்சுது. ஓட்டுன மேஜர் ஹில்லும் போயிங்கோட தலைமைச் சோதனை பைலட் லெஸ்லி டவரும் இறந்துட்டாங்க.

இன்ஜின்ல கோளாறு கிடையாது. வண்டியை நிறுத்தும்போது பைக்குக்கு ஹேண்டில் லாக் போடுறோம் இல்லையா? விமானத்துக்கும் அப்படி ஒண்ணு உண்டு. தரையில நிக்கும்போது காத்துல வால் பக்கத்து இறக்கைகள் அடிச்சுக்காம இருக்கப் போடுற பூட்டு. அதை எடுக்க மறந்துட்டாங்க. அவ்வளவுதான்.

கவனிங்க, கத்துக்குட்டி யாரும் ஓட்டல. அன்னிக்கு அந்த நாட்டுல இருந்த அனுபவசாலிகள்ல ரெண்டு பேர் உள்ளே இருந்தாங்க. "ஒரு மனுஷனால சமாளிக்க முடியாத விமானம் இது"ன்னு பேச்சு கிளம்புச்சு. ராணுவ பைலட்டுகள் உட்கார்ந்து யோசிச்சு இன்னும் ஆறு மாசம் பயிற்சி வேணும்னு கேட்கல. ஒரு அட்டை எழுதினாங்க. கிளம்பும் முன் என்ன பார்க்கணும், பறக்கும்போது என்ன, இறங்கும் முன் என்ன, இறங்கின பிறகு என்ன. படிச்சுப் படிச்சுப் பார்க்கணும். செக்லிஸ்ட் விமானத்துக்குள்ள வந்த கதை இதுதான். அந்த விமானம்தான் பின்னாடி பி-17னு பேர் வாங்கி உலகப் போர் முழுக்கப் பறந்தது.

சரி, அட்டை வந்தாச்சு. அதை யார் படிக்கிறது? இங்கேதான் ரெண்டாவது ஆள் வர்றாரு.

ஒருத்தர் கேட்கணும், இன்னொருத்தர் கண்ணால பார்த்துப் பதில் சொல்லணும். "பார்த்தாச்சு"ன்னு பொதுவா சொல்லக் கூடாது. "ஃபிளாப்ஸ்?"னு கேட்டா "அஞ்சு, பச்சை விளக்கு"ன்னு எதைப் பார்த்தாரோ அதையே சொல்லணும். கேட்டவரும் திரும்பிப் பார்ப்பாரு. நம்ம வீட்ல "கேஸ் மூடினியா?"ன்னு கேட்டா, "ம்"னு பதில் வரும் பாருங்க, அந்த "ம்"க்கு காக்பிட்ல இடம் இல்லை.

நாம நினைக்கிற மாதிரி கேப்டன் ஓட்டுவாரு, பக்கத்துல இருக்கிறவர் எடுபிடின்னு கிடையாது. கேப்டன், ஃபர்ஸ்ட் ஆபீசர் என்பது பதவி. விமானத்தோட முழுப் பொறுப்பும் கேப்டனுக்கு. ஆனா 'ஓட்டுற பைலட்', 'கண்காணிக்கிற பைலட்' என்பது அந்தந்தப் பயணத்துக்கான வேலை. போகும்போது கேப்டன் ஓட்டினா, திரும்பி வரும்போது பெரும்பாலும் மத்தவர் ஓட்டுவாரு. அப்போ கேப்டன்தான் ரேடியோ பேசுவாரு, சக்கரத்தை மடக்குவாரு, அட்டை படிப்பாரு.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒருத்தர் டார்ச் எடுத்துக்கிட்டு விமானத்தைச் சுத்தி வருவாரு. டயர் தேய்ஞ்சிருக்கா, இன்ஜின் வாய்ல ஏதாவது கிடக்கா, வேகம் அளக்கிற சின்னக் குழாயோட மூடியை எடுத்தாங்களா. இன்னொருத்தர் உள்ளே கம்ப்யூட்டர்ல வழித்தடம், எடை எல்லாம் ஏத்துவாரு. ஒருத்தர் ஏத்தினதை இன்னொருத்தர் சரிபார்க்கணும். ரன்வேயில ஓடும்போது குறிப்பிட்ட வேகத்துல கண்காணிக்கிறவர் குரல் கொடுப்பாரு. ரெண்டு பேர் முன்னாடியும் இருக்கிற வேகமானி ஒரே எண்ணைக் காட்டுதான்னு அப்போ ஒத்துப் பார்ப்பாங்க. அடுத்து 'வி ஒன்'. அதுக்கு மேல நிறுத்த முடியாது, பறந்தே ஆகணும். அந்தச் சொல்லைக் கேட்டதும் இன்ஜின் நெம்புகோல்ல இருக்கிற கையை எடுத்துடணும், பயத்துல இழுத்துடக் கூடாது பாருங்க. ஓட்டுறதைக் கை மாத்தும்போது "ஐ ஹேவ் கன்ட்ரோல்", "யூ ஹேவ் கன்ட்ரோல்"னு ரெண்டு பேரும் வாய் விட்டுச் சொல்லணும். பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலை சம்பந்தமில்லாத பேச்சு கூடாது. குடும்பக் கதை எல்லாம் மேலே போன பிறகுதான்.

முன்னாடி அந்த ரெண்டாவது வேலைக்கு 'ஓட்டாத பைலட்'னு பேரு. அது தப்பான பேருன்னு பின்னாடிதான் உணர்ந்தாங்க. ஓட்டலைன்னா சும்மா இருக்கார்னு அர்த்தமா? 'கண்காணிக்கிற பைலட்'னு மாத்தினாங்க.

ஒரு காலத்துல காக்பிட்ல கூட்டமே இருந்துச்சு. 1948 ஜூன்ல ஏர் இந்தியாவோட முதல் வெளிநாட்டு விமானம் 'மலபார் பிரின்சஸ்' லண்டன் போன காலத்துல ரெண்டு பைலட் போக, வழி பார்க்க ஒருத்தர், ரேடியோவுக்கு ஒருத்தர், இன்ஜினைக் கவனிக்க ஃபிளைட் இன்ஜினியர்னு தனித்தனி ஆள் வச்சுப் பறந்தாங்க. அப்புறம் ஒவ்வொரு நாற்காலியா எடுத்துட்டாங்க. 1989-ல் வந்த புது ஜம்போல ஃபிளைட் இன்ஜினியரும் போயாச்சு. வேலையை மெஷின் எடுத்துக்கிச்சு. மனுஷனுக்கு மிஞ்சினது, மெஷினையும் பக்கத்து மனுஷனையும் பார்த்துக்கிட்டே இருக்கிறது.

பார்த்துக்கிட்டே இருக்கிறது லேசான வேலைன்னு நினைக்கிறவங்க ஐ.சி.யு.வுல ஒரு ராத்திரி மானிட்டர் முன்னாடி உட்காரணும். மூணு மணிக்கு மேல கண்ணு திறந்திருக்கும், மூளை பார்க்காது.

திருச்சியில 2018 அக்டோபர் 12 நடுராத்திரி தாண்டி நடந்தது ஞாபகம் இருக்கா? துபாய்க்குக் கிளம்பின விமானம், உள்ளே 136 பேர். மேலே ஏறப் போதுமான வேகம் வராம ஆன்டெனாவையும் ஏர்போர்ட் மதிலையும் இடிச்சுட்டே பறந்துச்சு. ஓடும்போது கேப்டனோட நாற்காலி முதுகு பின்னாடி சரிஞ்சதுல இன்ஜின் விசை குறைஞ்சுது, குறைஞ்சதை ரெண்டு பேருமே கவனிக்கலன்னு விசாரணை அறிக்கை சொல்லுச்சு. இடிச்சதே தெரியாம கடல் மேல போயிக்கிட்டு இருந்தவங்களைத் தகவல் சொல்லித் திருப்பி மும்பையில இறக்கினாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. இடிஞ்சு கிடந்த மதில் படத்தைப் பார்த்தா வயிறு கலங்கும்.

இதுவரைக்கும் சொன்னது கண்ணு தவறுன கதை. இனிமே சொல்லப் போறது கண்ணு பார்த்தும் நடந்த கதை. எனக்கு இதுதான் முக்கியம்.

1978 ஜனவரி 1, புத்தாண்டு ராத்திரி. பம்பாயில இருந்து துபாய்க்கு ஏர் இந்தியாவோட 'எம்பரர் அசோகா' ஜம்போ கிளம்புது. 213 பேர். கேப்டனுக்குக் கிட்டத்தட்ட 18,000 மணி நேர அனுபவம். கடல் மேல கும்மிருட்டு. கேப்டன் முன்னாடி இருக்கிற, விமானம் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு காட்டுற கருவி பழுதாகி, வலது பக்கம் சாய்ஞ்ச மாதிரியே காட்டுது. அவர் இடது பக்கம் திருப்புறாரு. இன்னும் வலதுன்னே காட்டுது. இன்னும் இடது.

இங்கே டாக்டரா ஒண்ணு சொல்லணும். நம்ம உள்காதுல திரவம் நிரம்பின மூணு வளைகுழாய்கள் இருக்கு. தலை திரும்புறதை அதுதான் மூளைக்குச் சொல்லும். மெதுவாத் திரும்பினா அந்தத் திரவம் ஏமாந்துடும். கண்ணுக்கு அடிவானமும் தெரியலைன்னா நாம தலைகீழா இருந்தாக்கூட நேரா இருக்கிற மாதிரிதான் தோணும். அனுபவம் இதைச் சரி பண்ணாது. அதனாலதான் அந்தக் கருவி ஒண்ணுக்கு மூணா இருக்கும்: கேப்டனுக்கு ஒண்ணு, துணை பைலட்டுக்கு ஒண்ணு, நடுவுல உபரியா ஒண்ணு. மூணையும் ஒத்துப் பார்த்தா எது பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சுடும்.

பின்னாடி உட்கார்ந்திருந்த ஃபிளைட் இன்ஜினியர் அதைப் பார்த்துட்டாரு. அந்தக் கருவியை நம்பாதீங்கன்னு சொல்லவும் செஞ்சாரு. அப்போ மிச்சம் இருந்தது சில வினாடிதான். கிளம்பின 101-ஆவது வினாடி, பாந்த்ரா கடல்ல விழுந்துச்சு. ஒருத்தர்கூட மிஞ்சல.

இதுக்கு முந்தின வருஷம், 1977 மார்ச் 27, ஸ்பெயினோட டெனரிஃப் தீவுல பனிமூட்டத்துக்குள்ள ரெண்டு ஜம்போ மோதி 583 பேர் செத்தாங்க. விமான வரலாற்றுலேயே பெரிய விபத்து. ஓடத் தொடங்கின கே.எல்.எம். விமானத்தோட ஃபிளைட் இன்ஜினியர், எதிர்ல இருக்கிற விமானம் ரன்வேயை விட்டுப் போச்சான்னு சந்தேகமாக் கேட்டாரு. போயிடுச்சுன்னு அடிச்சுச் சொல்லிட்டாரு கேப்டன். அந்தக் கேப்டன் யார் தெரியுமா? கம்பெனி விளம்பரத்துல படம் வந்தவரு, மத்த பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவரு. அவர்கிட்ட ரெண்டாவது தடவை கேட்க யாருக்கும் வாய் வரல. 1978 டிசம்பர்ல அமெரிக்காவுல போர்ட்லாண்ட்ல ஒரு விமானம், சக்கரத்துல என்ன கோளாறுன்னு யோசிச்சுச் சுத்திக்கிட்டே இருந்து எரிபொருள் தீர்ந்து விழுந்துச்சு. 10 பேர் இறந்தாங்க. எரிபொருள் குறையுதுன்னு கூட இருந்தவங்க சொல்லாம இல்லை. கேப்டன் மனசுல ஏறுற மாதிரி சொல்லல.

1979-ல் நாசா ஒரு கூட்டம் போட்டு இதையெல்லாம் அலசுச்சு. 1981-ல் அமெரிக்காவோட யுனைடெட் கம்பெனி இதுக்குன்னே பயிற்சி ஆரம்பிச்சுது. கீழே இருக்கிறவருக்குப் பேசப் பயிற்சி, மேலே இருக்கிறவருக்குக் கேட்கப் பயிற்சி. முதல்ல கேள்வியாக் கேளு. கேட்கலையா, ஆபத்துன்னு சொல்லு. அப்பவும் கேட்கலையா, இப்படிச் செய்யுங்கன்னு சொல்லு. அதுக்கும் அசையலையா, "ஐ ஹேவ் கன்ட்ரோல்"னு நீயே எடுத்துக்கோ.

படிக்க எளிசு. நம்ம ஊர்ல 'சார்' போடாம பெரியவங்களுக்கு ஒரு தப்பைச் சொல்லிப் பாருங்க. "சார், தப்பா நினைக்காதீங்க, உயரம் கொஞ்சம் அதிகமா இருக்கோன்னு..."ன்னு இழுத்து முடிக்கிறதுக்குள்ள ரன்வே முடிஞ்சிருக்கும்.

2010 மே 22, காலை ஆறு மணி சுமாருக்கு மங்களூர். துபாயில இருந்து வந்த விமானம். உள்ளே 166 பேர், நிறைய பேர் நம்ம தம்பி மாதிரி லீவுக்கு வர்ற கரையோர மக்கள். காக்பிட் ஒலிப்பதிவு ரெண்டு மணி நேரம் பதிவாகும். அதுல முதல் ஒரு மணி நாற்பது நிமிஷம் கேப்டன் பேச்சே இல்லை. குறட்டை இருக்கு. இறங்குற நேரத்துக்குத்தான் அவர் முழிச்சாரு. ஆழ்ந்த தூக்கத்துல இருந்து எழுந்தா கால் மணி, அரை மணி நேரத்துக்கு மூளை மந்தமா இருக்கும். கை கால் வேலை செய்யும், முடிவு எடுக்கிற பகுதி இன்னும் படுக்கையிலதான். ராத்திரி போன் எடுத்து மாத்திரை டோஸ் சொல்லுற டாக்டர்களுக்கு இது நல்லாத் தெரியும்.

அன்னிக்கு அங்கே ரேடாரும் பழுது, அதனால இறங்கத் தொடங்கினதே தாமதம். விமானம் ரொம்ப உயரத்துல, ரொம்ப வேகமா வருது. துணை பைலட்டுக்குத் தெரிஞ்சுது. "கோ அரவுண்ட்"னு சொன்னாரு. இறங்க வேண்டாம், திரும்ப மேலே ஏறி ஒரு சுத்து சுத்தி வரலாம்னு அர்த்தம். ஒரு தடவை இல்லை, மூணு தடவை சொன்னாரு. (ஆறே வட்டம் போட்டுச் சுத்திப் போறதால வட்டாறுன்னு பேர் வாங்கின ஊர் நம்மது. சுத்தி வர்றதுல கௌரவம் ஒண்ணும் குறையாது.) கேப்டன் நிறுத்தல. 8,000 அடி ரன்வேயில சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டுச்சு. மேட்டு மேல இருக்கிற ரன்வே அது. பள்ளத்துல போய் விழுந்து எரிஞ்சுது. 158 பேர் இறந்தாங்க, எட்டுப் பேர் பிழைச்சாங்க.

விசாரணை அறிக்கை துணை பைலட் பத்திச் சொன்னதை நான் பல தடவை யோசிச்சுருக்கேன். அவர் சொன்னார், ஆனா கட்டுப்பாட்டைக் கையில எடுக்கல. அதுக்கு அவருக்கு அதிகாரம் உண்டா இல்லையான்னு விதிமுறைகளே தெளிவா இல்லாதது காரணமா இருக்கலாம்.

பத்து வருஷம் கழிச்சு, 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. திரும்பவும் துபாய் விமானம், மழை, மேட்டு ரன்வே, கிட்டத்தட்டப் பாதி ரன்வே தாண்டி இறங்கினது. கண்காணிக்கிற பைலட் "கோ அரவுண்ட்" சொன்னாரு. ஓட்டுறவர் போகல. இவரும் கையில எடுக்கல. 21 உயிர், ரெண்டு பைலட்டும் அதுல உண்டு.

அந்தத் துணை பைலட்டுகளைக் குறை சொல்றவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வரும். காரணம் இருக்கு.

எனக்கு அப்போ 23 வயசு. ஹவுஸ் சர்ஜன். ஒரு ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். குடல் இறக்க ஆபரேஷன், அறுபது வயசுக்காரர். இடது பக்கம். கேஸ் ஷீட் எழுதினதே நான்தான். பெரிய டாக்டர் கை கழுவிட்டு வந்தாரு, வலது பக்கம் மருந்து தடவித் துணி போர்த்தினாரு. சிஸ்டர் மெதுவா, "சார், ஷீட்ல இடதுன்னு இருக்கு சார்"ன்னாங்க. அவர் காதுல விழுந்துச்சா தெரியல. எனக்கு விழுந்துச்சு. இடதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். வாயே திறக்கல. "சாருக்குத் தெரியாமலா இருக்கும், வேற ஏதாவது பார்த்திருப்பாரு"ன்னு மனசு சமாதானம் சொல்லுது. சிஸ்டர் இன்னொரு தடவை சொன்னாங்க, இன்னும் மெதுவா. கத்தி கைக்கு வந்தாச்சு. தலைமாட்டுல இருந்த மயக்க மருந்து டாக்டர்தான், "ஒரு நிமிஷம், எந்தப் பக்கம்?"னு சத்தமாக் கேட்டு நிறுத்தினாரு.

அந்தப் பெரியவர் தையல் பிரிச்சு நல்லபடியா வீட்டுக்குப் போனாரு. அவருக்கு எதுவும் தெரியாது. போகும்போது எனக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் கொடுத்துட்டுப் போனாரு. என்னால ஒண்ணுகூட சாப்பிட முடியல.

2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு அட்டை கொண்டு வந்துச்சு. 19 வரி. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன். அதை அதுல் கவாண்டேங்கிற சர்ஜன் தலைமையில எட்டு நாட்டு ஆஸ்பத்திரிகள்ல சோதிச்சாங்க, ஒண்ணு நம்ம டெல்லியில. இறப்பு 1.5 சதவீதத்துல இருந்து 0.8 ஆச்சு. சிக்கல்கள் 11-ல இருந்து 7 சதவீதம். அவங்க போயிங் கம்பெனியில செக்லிஸ்ட் எழுதுறவங்ககிட்டயே போய்க் கத்துக்கிட்டாங்க.

அந்த அட்டையில எனக்குப் பிடிச்ச வரி ஒண்ணு உண்டு. கத்தி வைக்கும் முன் தியேட்டர்ல இருக்கிற எல்லாரும் அவங்கவங்க பேரையும் வேலையையும் வாய் விட்டுச் சொல்லணும். தினம் பார்க்கிறவங்கதானே, எதுக்கு இந்த நாடகம்னு முதல்ல சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். ஒரு தடவை வாய் திறந்த ஆளுக்கு ரெண்டாவது தடவை திறக்க எளிசு. விஷயம் அதுதான்.

ஆனா அட்டையை மாட்டிட்டா போதும்னு நினைக்க வேண்டாம். கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல நூறு ஆஸ்பத்திரிக்கு மேல இதைக் கட்டாயமாக்கிப் பார்த்தாங்க. 2014-ல் முடிவு வந்துச்சு, சொல்லிக்கிற மாதிரி மாற்றம் இல்லை. டிக் அடிக்கிறதுக்கும் பார்க்கிறதுக்கும் உள்ள வித்தியாசம். நம்ம ஊர்லயும் ஆபரேஷன் முடிஞ்சு டீ குடிச்சுக்கிட்டே மூணு பகுதிக்கும் சேர்த்து டிக் அடிக்கிறதை நான் பார்த்திருக்கேன்.

இப்போ எங்க தியேட்டர்ல நான் செய்றது ஒண்ணுதான். புதுசா வர்ற ஹவுஸ் சர்ஜன்கிட்ட முதல் நாளே, "எந்தப் பக்கம்னு என்கிட்ட நீதான் கேட்கணும், கேட்கலைன்னா நான் கத்தி வைக்க மாட்டேன்"னு சொல்லிடுவேன். முதல் வாரம் குரல் நடுங்கும். அப்புறம் அதட்டலாவே வரும்.

தம்பி விஷயத்துக்கு வர்றேன். இத்தனையும் அவர்கிட்ட சொல்லல, வெளியே பதினஞ்சு பேர் காத்துக்கிட்டு இருந்தாங்க. சுருக்கமா சொன்னேன். கேட்டுட்டு, "அப்போ ரெண்டாவது பைலட்டு சொன்னா மொத பைலட்டு கேக்கணும், அவ்ளோதானே டாக்டர்?"னாரு.

"ஆமா. கேக்கலைன்னா அவரே வாங்கி ஓட்டணும்."

கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அது கஷ்டம்லா?"ன்னாரு.

பி.பி. 130/84. மாத்திரையைப் பெட்டியில போடாம கைப்பையில வச்சுக்கச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த இழை: நாலு மணி நேரத்துக்கு மேல விமானத்துல உட்கார்ந்து வர்றவங்களுக்குக் கால்ல ரத்தம் கட்டுறது பத்தி. கேள்வி இருந்தா கீழே கேளுங்க.